காரை பெயர்ந்த சுவரும் காந்தமின் கூட்டுப்பொருளும்: இடைமுக விரிசலைக் கணக்கிடும் முழு வழி

மதுரையின் மாசி வீதிகளில் பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்க வரும் கொத்தனார், சுவரைப் பார்த்ததும் முதலில் கரணைக் காம்பால் காரையை அங்கங்கே தட்டிப் பார்க்கிறார். செங்கல்லோடு ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாக ஒலிக்கும், விட்டுப்போன இடம் பொத்தென்று ஒலிக்கும். பொத்தென்று ஒலிக்கும் இடத்தில் செங்கல்லும் உடைந்திருக்காது, காரையும் உடைந்திருக்காது. இரண்டும் சேர்ந்த பரப்பு மட்டும் பிரிந்திருக்கும். இடைமுக விரிசல் என்று நாம் சொல்வது இதைத்தான். மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து இயங்கும் கூட்டுப்பொருளில் இதே பிரிவு நேரும்போது அதை எப்படிக் கணக்கிடுவது என்பதை, மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் முதுநிலைப் பொறியியலோ இயற்பியலோ படித்து இத்தலைப்பில் ஆய்வேடு எழுத முனைவோருக்காகப் படிப்படியாக எழுதுகிறேன். அணிகளின் நேர்மாறும், பகுதி வகைக்கெழுவும், தகைவு திரிபு பற்றிய அடிப்படையும் தெரிந்திருந்தால் போதும்.

பேரியம் டைட்டனேட்டை அழுத்தினால் அதன் பரப்பில் மின்னூட்டம் தோன்றும். கோபால்ட் ஃபெரைட்டைக் காந்தப்புலத்தில் வைத்தால் அதன் நீளம் மாறும். முதலாவது காந்தத்தை அறியாது, இரண்டாவது அழுத்தத்துக்கு மின்னூட்டம் தராது. இரண்டையும் இறுக ஒட்டிவிட்டால், காந்தப்புலம் ஃபெரைட்டைத் திரிக்கிறது, அத்திரிபு டைட்டனேட்டுக்குக் கடக்கிறது, டைட்டனேட் மின்னழுத்தம் தருகிறது. எந்தக் கூறிலும் இல்லாத பண்பு கூட்டில் பிறக்கும் இந்த வழியை, ஃபிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த வான் சுக்டெலன் 1972இல் பெருக்கற் பண்பு என்று விளக்கினார். திரிபு கைமாறும் இடம் இடைமுகம் என்பதால், அங்கே விரிசல் விழுந்தால் பொருளின் வலிமை குறைவதோடு, எந்தப் பயனுக்காகப் பொருளைச் செய்தோமோ அந்தப் பயனே போய்விடுகிறது. உணரிகளிலும் ஆற்றல் அறுவடைக் கருவிகளிலும் இந்த அடுக்குகளைப் பயன்படுத்துவோர் உட்பொருளின் விரிசலைவிட இடைமுக விரிசலுக்கு அஞ்சுவது இதனால்தான்.

முதல் படி: மாறிலிகளைத் திரட்டுதலும் சோதித்தலும்

கணக்குக்கு வேண்டிய மாறிலிகள் ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து வகைப்படும்: மீள்விறைப்பு, அழுத்தமின் மாறிலி, அழுத்தக்காந்த மாறிலி, விடுதிறன், உட்புகுதிறன். கூட்டுப்பொருளை ஒரே சீரான பொருளாகச் சராசரியாக்கினால் காந்தமின் மாறிலி என்ற ஆறாவதும் சேரும். தொடக்கத்தில் சராசரிப் பொருளை எடுக்காமல், தூய பேரியம் டைட்டனேட் ஒருபுறமும் தூய கோபால்ட் ஃபெரைட் மறுபுறமும் இருக்கும் இடைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

விரிசல் முகங்கள் நுனிக்கோட்டுக்கு இணையாக ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் மூன்றாம் வகைச் சறுக்குப் பெயர்ச்சிக்கு வேண்டிய எண்கள் ஆய்வுலகில் பெரும்பாலோர் எடுத்தாள்பவை. பேரியம் டைட்டனேட்டுக்குச் சறுக்கு விறைப்பு 43 கிகாபாஸ்கல், அழுத்தமின் மாறிலி சதுர மீட்டருக்கு 11.6 கூலும், விடுதிறன் மீட்டருக்கு 11.2 × 10⁻⁹ ஃபாரடு, உட்புகுதிறன் மீட்டருக்கு 5 × 10⁻⁶ ஹென்றி. கோபால்ட் ஃபெரைட்டுக்குச் சறுக்கு விறைப்பு 45.3 கிகாபாஸ்கல், அழுத்தக்காந்த மாறிலி ஆம்பியர் மீட்டருக்கு 550 நியூட்டன், விடுதிறன் 0.08 × 10⁻⁹, உட்புகுதிறன் 590 × 10⁻⁶.

கடைசி எண்ணில் நின்று கவனியுங்கள். பல கட்டுரைகளின் அட்டவணையில் இது −590 × 10⁻⁶ என்று எதிர்க்குறியோடு அச்சாகி, ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்தாண்டு வந்திருக்கிறது. உட்புகுதிறன் எதிர்க்குறி பெற்றால் பொருளில் சேமிக்கப்படும் காந்த ஆற்றல் எதிர்மறையாகும். நிலைத்த பொருளில் அப்படி இருக்க முடியாது. நானும் ஒரு முறை அந்த எதிர்க்குறியோடு கணக்கிட்டுப் பல வாரங்கள் இழந்திருக்கிறேன். கீழே வரும் எளிய கணக்கில் அந்தக் குறி ஃபெரைட்டின் பயனுறு விறைப்பை 45.8இலிருந்து 44.8 கிகாபாஸ்கலாக மட்டுமே மாற்றுவதால் தவறு கண்ணில் படாது. நான்காம் படியில் வரும், தளத்துக்குள் நிகழும் கணக்கிலோ அங்குள்ள பல்லுறுப்புக்கோவை மூலங்களின் தன்மையையே அது மாற்றிவிடலாம். ஆகவே அட்டவணையைக் கணினியில் ஏற்றும் முன், விடுதிறன் அணியும் உட்புகுதிறன் அணியும் விறைப்பு அணியும் தனித்தனியே நேர்ம அணிகளா, அதாவது அவற்றின் ஐகென் மதிப்புகள் எல்லாம் நேர்மமா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: விரிசல் முகத்தில் என்ன நடக்கிறது என்று முடிவுசெய்தல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே நினைவில் கொள்வீர்கள் என்றால் இந்தப் படியைக் கொள்ளுங்கள். விரிசலின் இரு முகங்களிலும் விசை இல்லை என்பதில் ஐயமில்லை. ஆனால் மின்புலமும் காந்தப்புலமும் இடைவெளியைக் கடக்கின்றனவா? முற்றிலும் கடக்கின்றன என்று கொண்டால் ஊடுருவு நிபந்தனை: மின்னழுத்தமும் காந்த அழுத்தமும் (மின்புலத்துக்கு மின்னழுத்தம் போலக் காந்தப்புலத்துக்கு உரிய சார்பு) முகத்துக்கு முகம் தொடர்ச்சியாக இருக்கும். சிறிதும் கடக்கவில்லை என்று கொண்டால் ஊடுருவா நிபந்தனை: முகத்துக்குச் செங்குத்தான மின் இடப்பெயர்ச்சியும் காந்தப் பாய அடர்த்தியும் சுழியாகும். இரண்டுக்கும் நடுவே, இடைவெளியில் உள்ள காற்றை ஒரு மெல்லிய மின்தேக்கியாகக் கருதும் அரை ஊடுருவு நிபந்தனை இருக்கிறது.

எதைத் தேர்வது என்பதற்கு எளிய மதிப்பீடு ஒன்று உண்டு. காற்றின் விடுதிறன் 8.85 × 10⁻¹². பேரியம் டைட்டனேட்டின் விடுதிறன் அதைப்போல் ஏறத்தாழ 1265 மடங்கு. இதை மட்டும் பார்த்தால் ஊடுருவா நிபந்தனை நியாயமாகத் தோன்றும். ஆனால் விரிசலின் திறப்பு அதன் அரைநீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், அந்த மெல்லிய காற்றிடைவெளியின் மின்தேக்குதிறனும் சுற்றியுள்ள திண்மத்தின் மின்தேக்குதிறனும் ஒரே அளவுக்கு வந்துவிடுகின்றன. பீங்கான் போன்ற நொறுங்கு பொருள்களில் திறப்பு உண்மையில் அந்த அளவில்தான் இருக்கும். ஆகவே இரண்டு எல்லைகளும் முழு உண்மை ஆகா. காந்தத்தின் நிலை இன்னும் தெளிவு. காற்றின் உட்புகுதிறன் 1.257 × 10⁻⁶, அட்டவணைப்படி டைட்டனேட்டுக்கு 5 × 10⁻⁶, அதாவது நான்கு மடங்கு மட்டுமே. காந்தப்புலம் விரிசலைக் கடக்காது என்ற கருதுகோளுக்கு இங்கே இயற்பியல் ஆதாரம் மிகக் குறைவு. மின் நிபந்தனையையும் காந்த நிபந்தனையையும் தனித்தனியே தேர்வதே முறை. இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டிக் கடந்துபோகும் கட்டுரைகள் ஏராளம், அவற்றைப் பின்பற்ற வேண்டாம்.

மூன்றாம் படி: கணினிக்கு முன் கையால் ஒரு கணக்கு

இரு பொருள்களும் தளத்துக்குச் செங்குத்தான திசையில் துருவப்படுத்தப்பட்டு, சறுக்குப் பெயர்ச்சியும் அதே திசையில் நிகழ்ந்தால், அறிய வேண்டிய சார்புகள் மூன்றுதான்: செங்குத்து இடப்பெயர்ச்சி, மின்னழுத்தம், காந்த அழுத்தம். ஒவ்வொரு பொருளுக்குள்ளும் இம்மூன்றும் லாப்லாஸ் சமன்பாட்டை நிறைவுசெய்கின்றன. சறுக்குத் தகைவு, மின் இடப்பெயர்ச்சி, காந்தப் பாய அடர்த்தி ஆகிய மூன்றும் அவற்றின் சரிவுகளோடு 3 × 3 சமச்சீர் அணி ஒன்றால் இணைகின்றன. அணியின் முதல் மூலையில் சறுக்கு விறைப்பு. அதன் பக்கத்தில் அழுத்தமின், அழுத்தக்காந்த மாறிலிகள். மீதி மூலைவிட்டத்தில் எதிர்க்குறியோடு விடுதிறனும் உட்புகுதிறனும்.

இந்த வகைக் கணக்கில் இடைமுகமாக இருந்தும், நான்காம் படியில் நாம் காணப்போகும் அலைவுத்தன்மை தோன்றுவதில்லை. நுனிக்கு அருகே தகைவு, தூரத்தின் −½ அடுக்காகவே வளர்கிறது. அரைநீளம் கொடுக்கப்பட்ட ஊடுருவா விரிசலுக்கு, நுனியில் தகைவும் மின், காந்தப் புலங்களும் எவ்வளவு குவிகின்றன என்று அளக்கும் மூன்று செறிவுக் காரணிகளும் தொலைவில் தரப்பட்ட சுமையை √(பை × அரைநீளம்) ஆல் பெருக்கினால் கிடைக்கும். ஆற்றல் வெளிப்பாட்டு வீதத்துக்கு, அதாவது விரிசல் ஓர் அலகுப் பரப்பு வளரும்போது விடுபடும் ஆற்றலுக்கு, இரு பொருள்களின் அணிகளுடைய நேர்மாறுகளைக் கூட்டி, அக்கூட்டலை இருபுறமும் செறிவுக் காரணிகளின் நெடுவரிசையால் பெருக்கி, நான்கால் வகுக்க வேண்டும். இரண்டும் ஒரே மீள்பொருள் என்றால் இது, காரணியின் வர்க்கத்தை விறைப்பின் இரு மடங்கால் வகுக்கும் பழைய சூத்திரமாகச் சுருங்குகிறது. சுருங்குவதை நீங்களே எழுதிப் பாருங்கள்.

அரைநீளம் 1 மில்லிமீட்டர், சறுக்குத் தகைவு 10 மெகாபாஸ்கல் என்போம். செறிவுக் காரணி 0.56 மெகாபாஸ்கல் √மீட்டர். அழுத்தமின் விளைவால் டைட்டனேட்டின் பயனுறு விறைப்பு 43 + 12.0 = 55.0 கிகாபாஸ்கல். ஃபெரைட்டின் பயனுறு விறைப்பு 45.3 + 0.5 = 45.8 கிகாபாஸ்கல். இவற்றின் தலைகீழ்களைக் கூட்டி நான்கால் வகுத்துக் காரணியின் வர்க்கத்தால் பெருக்கினால், சதுர மீட்டருக்கு 3.142 ஜூல் கிடைக்கும். இதே விரிசலை மின்னுக்கும் காந்தத்துக்கும் ஊடுருவு விரிசலாகக் கொண்டால் 3.144 ஜூல். இயந்திரச் சுமை மட்டும் இருக்கும்வரை எல்லை நிபந்தனை பற்றிய விவாதத்துக்கு இங்கே பொருளில்லை.

இப்போது தொலைவில் சதுர மீட்டருக்கு 10⁻⁴ கூலும் மின் இடப்பெயர்ச்சியைச் சேருங்கள். ஊடுருவு விரிசலின் விடை 3.144 ஆகவே நிற்கும். ஊடுருவா விரிசலிலோ மின் பகுதி 0.099 ஜூலைக் கழிக்கிறது, தகைவும் மின் இடப்பெயர்ச்சியும் பெருகி வரும் குறுக்குப் பகுதி மின் இடப்பெயர்ச்சியின் திசையைப் பொறுத்து 0.030 ஜூலைக் கூட்டுகிறது அல்லது கழிக்கிறது. ஆக விடை 3.07 அல்லது 3.01. சுமையைப் பத்து மடங்காக்கினால் மின் பகுதி நூறு மடங்காகி, ஆற்றல் வெளிப்பாட்டு வீதம் சுழிக்குக் கீழே −6.4 ஜூலுக்கு இறங்கும். மின்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் விரிசல் பரவவே பரவாது என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

சோதனை அப்படிச் சொல்லவில்லை. பார்க், சன் இருவரும் அழுத்தமின் பீங்கானில் செய்து 1995இல் வெளியிட்ட முறிவுச் சோதனைகளில், மின்புலம் ஒரு திசையில் இருந்தபோது முறிவுச்சுமை குறைந்தது, எதிர்த்திசையில் இருந்தபோது கூடியது. திசையைப் பொருட்படுத்தாமல் எப்போதும் விரிசலைத் தடுக்கும் அந்த எதிர்மறைப் பகுதி ஊடுருவா நிபந்தனையிலிருந்தும் முழு ஆற்றலையும் முறிவின் அளவுகோலாகக் கொண்டதிலிருந்தும் வருகிறது. அதனால்தான் அவர்கள் இயந்திர ஆற்றலின் பங்கை மட்டும் அளவுகோலாக முன்வைத்தார்கள். மேலே உள்ள கணக்கில் −0.099 எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள்: அதில் ஏறத்தாழ முழுப் பங்கும் ஃபெரைட்டின் மிகச் சிறிய விடுதிறனால் வந்தது. அதே ஃபெரைட் ஓரளவு மின்சாரம் கடத்தக்கூடியது, உண்மைப் பொருளில் மின்னூட்டம் அதன் வழியே கசியும். ஆகவே அந்த எண்ணை நம்புவதற்கு இன்னொரு தடையும் இருக்கிறது.

நான்காம் படி: விரிசல் திறக்கும் வகை, அங்கே எழும் அலைவு

இங்கே கணக்கு கடினமாகிறது. வேறுபட்ட இரு பொருள்களின் இடைமுக விரிசலை இழுத்துத் திறக்கும்போது நுனித் தகைவு அலைவுறும் என்பதை வில்லியம்ஸ் 1959இல் காட்டினார். நிலநடுக்கவியல் இதழ் ஒன்றில், பாறைப் பிளவைப் பற்றிய கட்டுரையாக அது வந்தது. தூரத்தின் அடுக்கு −½ மட்டுமாக இல்லாமல் −½ ± கற்பனை எண் என்று கலப்பெண்ணாகிறது. அந்தக் கற்பனைப் பகுதியை அலைவுச் சுட்டெண் என்கிறோம். எல்லாத் திசையிலும் ஒரே பண்புள்ள மீள்பொருள்களில் அது 0.175ஐத் தாண்டாது.

காந்தமின்மீள் பொருளில் மூன்று இடப்பெயர்ச்சிகளும் இரு அழுத்தங்களும் சேர்ந்து ஐந்து சார்புகள். திசைக்குத் திசை பண்பு மாறும் பொருள்களுக்கான ஸ்ட்ரோவின் முறைப்படி ஒவ்வொரு பொருளுக்கும் பத்தாம் படிப் பல்லுறுப்புக்கோவையின் மூலங்களைக் கண்டு, அவற்றில் கற்பனைப் பகுதி நேர்மமான ஐந்தை எடுத்து, 5 × 5 அணி ஒன்றை அமைக்க வேண்டும். முதல் பொருளின் அணியோடு இரண்டாம் பொருளின் அணியுடைய இணைக் கலப்பெண் அணியைக் கூட்டினால் இடைமுகத்தின் அணி வரும். அதன் கற்பனைப் பகுதி சுழி என்றால் அலைவு இல்லை. சுழி அல்ல என்றால், அந்த அணியையும் அதன் இணையையும் கொண்டு பொதுமைப்படுத்திய ஐகென் மதிப்புச் சிக்கலைத் தீர்க்க வேண்டும்.

இந்த ஐகென் மதிப்புச் சிக்கலின் மூலங்கள் எப்போதும் கூட்டல் கழித்தல் இணைகளாக வருகின்றன. ஐந்து ஒற்றைப்படை எண் என்பதால் ஒன்று தனித்து நின்று −½ என்ற பழைய அடுக்கைத் தருகிறது. மீதி நான்கில் அலைவைத் தரும் இணையும், −½ஐ மெய்யெண்ணாகவே சற்றுக் கூட்டிக் குறைக்கும் இணையும் தோன்றலாம். அழுத்தமின் பொருள்களுக்கு இந்த இரண்டாவது வகை மூலத்தைச் சுவோவும் அவருடன் எழுதியோரும் 1992இல் காட்டினார்கள். இரு பொருள்களும் இடைமுகத்துக்குச் செங்குத்தாகத் துருவப்படுத்தப்பட்ட வழக்கமான அமைப்பில், ஊடுருவா விரிசலுக்கு இவ்விரண்டில் ஏதேனும் ஓர் இணை மட்டுமே சுழியல்லாமல் எஞ்சும்.

அலைவைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. சூத்திரப்படி நுனிக்கு மிக அருகே இரு முகங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுகின்றன, அது நடவாத செயல். அப்படிப் புகும் இடத்தில் முகங்கள் உண்மையில் தொட்டுக்கொள்ளும் என்று கொண்டு, கோம்னினு 1977இல் தொடுபகுதி மாதிரியைத் தந்தார். எவ்வளவு பெரிய பகுதி அது? 2 மில்லிமீட்டர் நீள விரிசலை இழுத்தால், சுட்டெண் 0.175 ஆக இருக்கும்போது அப்பகுதி ஒரு மைக்ரோமீட்டரில் கால் பங்கை ஒட்டி வரும். சுட்டெண் 0.05 என்றால் அது புரோட்டானின் ஆரத்தைவிடச் சிறியதாகிவிடும். தொடர்ம இயக்கவியலுக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே, இழுவிசை மேலோங்கிய சுமைக்கு, தொடுபகுதி விரிசல் நீளத்தின் நூறில் ஒரு பங்குக்குள் அடங்கும்வரை அலைவுத் தீர்வையே பயன்படுத்தலாம் என்ற ரைஸின் 1988ஆம் ஆண்டு அறிவுரை சரியானது என்பது என் முடிவு. சறுக்குச் சுமை மேலோங்கினால் தொடுபகுதி பெரிதாகும், அப்போது கோம்னினுவின் மாதிரிக்குப் போக வேண்டும்.

கலப்பெண் செறிவுக் காரணியில் ஒரு பொறி இருக்கிறது. அதன் மெய்ப்பகுதி திறப்பு, கற்பனைப் பகுதி சறுக்கு என்று உட்பொருள் விரிசலின் வழக்கப்படி பிரித்துவிட முடியாது. தூரத்தின் கற்பனை அடுக்கு உள்ளே இருப்பதால், மில்லிமீட்டரில் கணக்கிட்டவருக்கும் மீட்டரில் கணக்கிட்டவருக்கும் நிலைக்கோணம், அதாவது அந்தக் கலப்பெண்ணின் கோணம், வேறுபடும். வேறுபாடு, சுட்டெண்ணை 1000இன் இயல் மடக்கையான 6.9ஆல் பெருக்கினால் கிடைக்கும் ரேடியன். சுட்டெண் 0.05 என்றால் அது ஏறத்தாழ 20 பாகை. இடைமுகத்தின் முறிவுத் தாங்குதிறன் நிலைக்கோணத்தைப் பொறுத்து மாறும் என்பதால், இந்த 20 பாகையை ஒதுக்கிவிட முடியாது.

ஐந்தாம் படி: கணினியில் ஏற்றுதல்

கைக்கணக்கை ஆக்டேவிலோ பைத்தானிலோ சில வரிகளில் எழுதி மேலே உள்ள 3.142, 3.144 இரண்டையும் எட்டிய பிறகே, பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முடிவுறு உறுப்பு மென்பொருளைத் திறவுங்கள். விறைப்பு 10¹¹ அளவிலும் விடுதிறன் 10⁻¹⁰ அளவிலும் ஒரே அணியில் உட்காருவதால், அலகு மாற்றாமல் தீர்த்தால் எண்பிழை விடையை விழுங்கிவிடும். இடப்பெயர்ச்சியை ஒரு நீளத்தாலும், மின்னழுத்தத்தை அந்த நீளத்தோடு √(விறைப்பு ÷ விடுதிறன்) பெருக்கிய அளவாலும், காந்த அழுத்தத்தை அதே முறையில் உட்புகுதிறனைக் கொண்டும் வகுத்து அலகற்றவையாக்குங்கள். நுனியைச் சுற்றி, பக்கத்தின் நடுக்கணுவை நுனியிலிருந்து கால்தூரத்துக்கு நகர்த்திய உறுப்புகளை இடுங்கள். அவை −½ அடுக்கைத் தரும், அலைவைத் தாரா. ஆகவே செறிவுக் காரணியை நுனிக்கணுக்களிலிருந்து நேரே வாசிக்காமல், தொலைவில் சுற்றிவரும் தொகையீட்டால் பெறுங்கள். இடைமுகம் நேர்கோடாக இருந்து, விரிசல் முகத்தில் ஊடுருவு அல்லது ஊடுருவா நிபந்தனை இருக்கும்போது, அந்தத் தொகையீடு எந்தப் பாதையில் எடுத்தாலும் ஒன்றாகவே வர வேண்டும். மூன்று பாதைகளில் எடுத்துப் பாருங்கள்.

அரை ஊடுருவு நிபந்தனையில் இடைவெளியின் மின் இடப்பெயர்ச்சி விரிசலின் திறப்பைச் சார்ந்தது, திறப்போ அந்த இடப்பெயர்ச்சியைச் சார்ந்தது. ஆகையால் ஊடுருவா விடையிலிருந்து தொடங்கி மீண்டும் மீண்டும் கணக்கிட்டு நிலைபெறச் செய்ய வேண்டும்.

சூளையின் வெப்பத்தையும் மறக்கக் கூடாது. ஈரம் மாறுபட்ட இரு மண்ணை ஒட்டினால் ஒட்டிய இடத்தில்தான் வெடிக்கும் என்று மண்பாண்டம் வனைவோர் அறிவர். மானாமதுரையில் ஒரு சூளை பிரிக்கும் நாளில் போய்ப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும். இந்தப் பீங்கான் அடுக்குகளும் உயர்வெப்பத்தில் சுடப்பட்டு ஆறும்போது வெவ்வேறு அளவில் சுருங்கி, எந்தச் சுமையும் ஏற்றும் முன்பே இடைமுகத்தில் தகைவைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அதைத் தொடக்கத் தகைவாகச் சேர்க்காத கணக்கைச் சோதனையோடு ஒப்பிட வேண்டாம்.

ஆறாம் படி: சரிபார்த்து எழுதுதல்

முதல் சோதனையாக இரு பக்கமும் ஒரே பொருளை, ஒரே துருவத் திசையில் இடுங்கள். அலைவுச் சுட்டெண் சுழியாக வேண்டும். அடுத்து அழுத்தமின், அழுத்தக்காந்த மாறிலிகளைச் சுழியாக்கினால் வெறும் மீள்பொருளின் விடை வர வேண்டும். இங்கே எல்லாத் திசையிலும் ஒரே பண்புள்ள பொருளை அப்படியே இட்டால் ஸ்ட்ரோவின் மூலங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அணியின் நேர்மாறு கெடும். விறைப்பை ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றி இட்டால் அந்தச் சிக்கல் எழாது. கடைசியாகத் துருவத் திசையைத் தலைகீழாக்குங்கள். குறுக்குப் பகுதியின் குறி மாற வேண்டும், மின் பகுதியின் குறி மாறக் கூடாது.

ஆய்வேட்டில் விடையை எழுதும்போது, ஊடுருவு, ஊடுருவா என்ற இரண்டு எல்லைகளின் எண்களையும் ஒரே அட்டவணையில் பக்கம் பக்கமாகக் கொடுத்து, அரை ஊடுருவு விடை அவற்றுக்கு இடையே எங்கே விழுகிறது என்று குறியுங்கள். முழு ஆற்றல் வெளிப்பாட்டு வீதத்தையும் அதன் இயந்திரப் பங்கையும் தனித்தனி வரிசைகளில் இடுங்கள். நிலைக்கோணத்தின் தலைப்பிலேயே, எந்த நீளத்தை அடிப்படையாகக் கொண்டு அது கணக்கிடப்பட்டது என்பதை மைக்ரோமீட்டரில் எழுதுங்கள்.